பூபாளமும் பத்தாயத்துச் சாவியும்

நாதத்துக்கு மயங்காத ஜீவன் ஈரேழு பதினாலு லோகத்திலும் கிடையாது. மலை உருகும், மேகம் இறங்கும், மதம் பிடித்த யானை மண்டியிட்டுக் கண்ணீர் விடும்.

இப்படிச் சொன்னவர் கல்பாத்தி வாஞ்சீஸ்வர பாகவதர். சொன்ன இடம் கோபாலபுரத்துக்கு மேற்கே வேலங்காட்டூரில், ஆறுச்சாமிக் கவுண்டர் வீட்டின் முன்கூடமான ஆசாரம். மறுநாள் விடியுமுன் அவர் தம்புராவை மீட்டிப் பூபாளத்தை எடுத்தார். எடுத்த எடுப்பில் வீட்டுக் கறவை எருமை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. கொச்சி ராஜ்ஜியத்தை விட்டே போய்விடுவது என்று தீர்மானித்ததுபோலக் கிழக்கே ஓடி, கோபாலபுரம் சுங்கச் சவுக்கையில் சிப்பாய்களிடம் பிடிபட்டது. ஆள் அனுப்பி, கெஞ்சிக் கூத்தாடி ஓட்டி வந்தார்கள்.

"எருமைக்கு ஞானம் கெடையாது," என்றார் பாகவதர். "யமனோட வாகனமாக்கும் அது. நாதம் கேட்டா ஓடத்தானே செய்யும்?"

"அதுஞ் செரிதானுங்க," என்று ஆறுச்சாமி தலையை ஆட்டினார். ஊருக்கே பண்ணாடி, பெரிய நிலக்காரர் அவர். எதற்கும் சட்டென்று தலையாட்டுகிறவர் இல்லை. ஆனால் அங்கவஸ்திரம் போட்டவர்கள் சொன்னால் மட்டும் கழுத்து தானாக ஆடிவிடும்.

அவர் மகள் கமலாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூணைப் பார்த்தாள். சிகிச்சைக்கு உரியவள் அவள்தான். எருமைபோல ஓடுகிற வசதி அவளுக்கு இல்லை.

கமலாத்தாளுக்குப் பதினேழு வயது. சின்ன வயதிலிருந்தே காக்காய் வலிப்பு உண்டு. எப்போதாவதுதான் வரும். வந்தால் சொல்லிவிட்டுத்தான் வரும். அதுவும் அவளுக்கு மட்டும். தோட்டத்தில் மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைக்கும்போது கிணற்று உருளை 'கிரீச்... கீ...' என்று இழுத்துப் பாடுமே, அந்தச் சத்தம் அவள் காதுக்குள் கேட்கும். மாடுகள் கட்டுத்தறியில் படுத்திருக்கும், கிணற்றில் ஆள் இருக்காது, ஆனாலும் கேட்கும். அதில் ஓர் இனிமை இருந்தது. யாரோ தூரத்திலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். என்ன பேர் என்று கவனிப்பதற்குள் அவள் தரையில் கிடப்பாள்.

வீட்டில் யாரும் அதற்கு அலறிப் புடைப்பதில்லை. பழகிப் போயிருந்தது. அம்மா போனபின் வீட்டை ஆள்கிற அத்தை மருதாத்தாள், பக்கத்தில் அம்மி, உலக்கை ஏதாவது கிடந்தால் தள்ளி வைப்பாள். அவளை ஒருக்களித்துப் படுக்கவைப்பாள். இடுப்பிலிருந்து பத்தாயத்துச் சாவியை உருவி அவள் கையில் திணிப்பாள். நெல் பத்தாயத்தின் சாவி அது. சாண் நீள இரும்பு, பிடிக்கிற பக்கம் விரல் நுழைகிற வளையம், வளையத்தில் சிவப்புக் கயிறு. வலிப்புக்காரர் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எட்டூருக்கும் தெரிந்த வைத்தியம். சற்று நேரத்தில் வலிப்பு அடங்கும். கமலாத்தாள் கண் விழிக்கும்போது நாக்கு கடிபட்டிருக்கும், தலை பாறையாகக் கனக்கும், உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருக்கும். கொஞ்சம் தூங்கி எழுந்து மோர் கடையப் போவாள்.

இப்படியே ஓடியிருக்கும். போன வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில்தான் வம்பு வந்தது.

வேலங்காட்டூர்க் கும்மிக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள் கமலாத்தாள். அவள் ஓர் அடி பாடினால் வட்டம் முழுவதும் வாங்கிப் பாடும். அவளுக்குத் தெரியாத பாட்டில்லை. மறந்த இடத்தில் சொந்தமாகக் கட்டிப் பாடியும் விடுவாள், அம்மனுக்கே வித்தியாசம் தெரியாது. போன நோம்பியில் கம்பம் சுற்றி ஆடுகிறதைப் பார்க்க இரவெல்லாம் கண் விழித்தாள். அடுத்த இரவும் விழித்தாள். அதற்கடுத்த நாள் பொழுது சாய்கையில், கும்மி வட்டத்தின் நடுவில், ஊரார் அத்தனை பேர் கண்முன் விழுந்தாள்.

ஆறுச்சாமி அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். "எல்லாம் இந்தக் கும்மியினால வந்த வினை!"

"கும்மியினால இல்லீங்கய்யா. தூக்கங் கெட்டா வருதுங்க. முன்னயும் அப்படித்தான் வந்துதுங்க."

"தூக்கத்துக்கும் வலிப்புக்கும் என்ன அம்மிணி சம்பந்தம்? அப்படிப் பாத்தா தோட்டங்காக்கறவனெல்லாம் வரப்புல உழுந்து கெடக்கோணுமே?"

அத்தோடு கும்மி நின்றது. கமலாத்தாளுக்கு வலிப்புகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் இடத்தில் இனி மேலத் தோட்டத்து ரங்காத்தாள் பாட்டு எடுத்துக் கொடுப்பாள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ரங்காத்தாளின் குரல் எண்ணெய் காணாத கதவு மாதிரி. திறக்கவாவது திறக்கலாம், மூடத்தான் முடியாது.

ஐப்பசியில் ஆறுச்சாமி வக்கீலைப் பார்க்கப் பாலக்காடு போனார். கல்பாத்தியில் தேர். பார்த்துவிட்டு வரலாம் என்று ஆற்றங்கரைத் தெருவுக்குள் நுழைந்தார். ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கிற மத்தியான வேளை. அந்த வேளையைத்தான் வாஞ்சீஸ்வர பாகவதருக்குப் பாட ஒதுக்கியிருந்தார்கள். பந்தலில் எதிரே ஆளில்லை. அதனால் பாகவதர் பாட்டைக் குறைத்து வியாக்கியானத்தைக் கூட்டியிருந்தார். வியாதி என்பது நாடிகளின் அபஸ்வரம். அதை ஸ்வரத்தால் நேராக்கலாம். கொல்லங்கோட்டில் ஒருவருக்கு விடாமல் வந்த விக்கலைத் தாம் பாடியே நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்.

ஆறுச்சாமிக்குப் புல்லரித்தது. விக்கலே நிற்கிறது என்றால் வலிப்பு நிற்காதா?

பேசி முடித்தார்கள். தை மாதம் பாகவதர் வந்து தங்குவது. பங்குனி நோம்பிக்குள் குணப்படுத்துவது. குணமானால் நோம்பியன்று எட்டூர்ச் சனத்தின் முன்னால் மேடை போட்டு அவரை ஏற்றி விஷயத்தைச் சொல்வது. அந்தப் புகழோடு போனால் அடுத்த ஐப்பசித் தேருக்கு ராத்திரிக் கச்சேரியைத் தமக்கே தருவார்கள் என்பது பாகவதரின் கணக்கு. பந்தி நடக்கிற வேளையில் பாடிப் பாடி அவருக்குப் பாயசத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

கமலாத்தாளும் தன் பங்குக்கு ஒன்று கேட்டாள். "குணமாயிருச்சுன்னா நான் கும்மிக்குப் போலாங்களாய்யா?"

"சாமி போலாம்னு சொன்னாப் போ. வேண்டாம்னா உட்காரு. அதுக்கு மேல என்றகிட்டக் கேக்காத."

அவள் கும்மி, அப்படியாகப் பாகவதரின் வாயில் போய் மாட்டிக்கொண்டது.

வந்த அன்றே அவள் கேட்டாள். பாகவதர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! கும்மியா? அது சங்கீதமே இல்லை கொழந்தே, கைதட்டலாக்கும். கொசு அடிக்கறவாளும் அதைத்தான் பண்றா. ஒவ்வொரு தட்டுக்கும் நாடி ஒண்ணு பெயர்ந்து போகும். கூடவே கூடாது."

கொசுவை இத்தனை பேர் சேர்ந்து வட்டமாக நின்று அடிப்பதில்லையே என்று கமலாத்தாள் நினைத்தாள். 

பாகவதர் தோட்டத்துக் குடிசையான சாளையில் தனியாகத் தங்கினார். கவுண்டர் வீட்டுச் சமையல் ஆகாது என்று தாமே பொங்கிக்கொண்டார். பாலுக்கு மட்டும் தோஷமில்லை என்பது அவர் கண்ட சாஸ்திரம். பாலில் போட்ட கருப்பட்டிக்கும் தோஷமில்லை. பிறகு வாழைப்பழத்துக்கும் இல்லாமல் போயிற்று. மாசி பிறப்பதற்குள் சாஸ்திரம் வேகவைத்த கடலை வரைக்கும் இறங்கி வந்திருந்தது.

முதலில் நோயை ஆராய்ந்தார். காதுக்குள் கேட்கிற சத்தத்தைப் பாடிக் காட்டச் சொன்னார். கமலாத்தாள் கவலை உருளையின் இழுப்பைத் தொண்டையில் கொண்டுவந்தாள்.

கண்ணை மூடிக் கேட்டார். "தோடி."

மறுநாள் மறுபடி பாடச் சொன்னார். அவள் அதையேதான் பாடினாள். "சந்தேகமென்ன? வராளி. அதான் கோளாறு."

மூன்றாவது தரம் அவள் வேண்டுமென்றே ஒரு கும்மி மெட்டை நீட்டி நிதானமாக இழுத்துவிட்டாள். பாகவதருக்குக் கண் கலங்கிற்று. "கேட்டேளா பண்ணாடி? இது பூலோகத்து ராகமே இல்லை. இதைக் கேக்கப் பூர்வஜன்ம புண்ணியம் வேணும்."

"பொறவால பொடக்காளியில உட்கார்ந்தாத் தெனமும் கேக்கலாமுங்க," என்றாள் மருதாத்தாள், கொல்லைப்புறத்தைக் கை காட்டி. ஆறுச்சாமி தங்கையை முறைத்தார்.

சாவி வைத்தியத்தைப் பற்றித் தெரிந்ததும் பாகவதர் விழுந்து விழுந்து சிரித்தார். "கையில இரும்பைக் குடுத்தா வலிப்பு நிக்குமோ? அப்படின்னா கொல்லன் பட்டறையில ஆசுபத்திரி வெக்கலாமே! காட்டுமிராண்டித்தனமான்னா இருக்கு!"

மருதாத்தாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "நிக்குதோ நிக்கலியோ, ஆரு கண்டாங்க சாமி? அந்நேரத்துக்கு வெறுங்கையோட பாத்துக்கிட்டு உட்கார எங்களால முடியறதில்லீங்க. அதுக்குத்தான்."

"பயம்! அஞ்ஞானத்துல வர்ற பயம்," என்றார் பாகவதர். "என் முன்னால அந்தச் சாவியை எடுக்கப்படாது. மனசிலாச்சோ?"

சிகிச்சை தொடங்கியது. பூபாளம் விடியலுக்கு உரியது. ஆகவே கோழி கூவுமுன் கமலாத்தாளை எழுப்பி, குளிர்ந்த நீரில் குளிக்கவைத்து, ஆசாரத்தில் பாய் போட்டு உட்காரவைப்பார்கள். பக்கத்தில் துணைக்கு மருதாத்தாள் அமர்ந்து அரைத்தூக்கத்தில் ஆடுவாள். பாகவதர் பாடுவார். நன்றாகத்தான் பாடினார் என்று சொல்ல வேண்டும். கீழ் ஸ்தாயியில் அவர் குரலில் ஒரு கனம் இருந்தது, கேட்டால் நெஞ்சுக்குள் கதகதவென்று இருக்கும். அவருக்கு அது போதாது. மேலே போவார். மேலே போனதும் குரல் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுவார்கள். அப்போது அவருக்குக் கண் மூடியிருக்கும். அது ஒரு பாக்கியம், எதிரே இருப்பவர்கள் முகம் தெரியாது.

கமலாத்தாளுக்குக் கண் எரிந்தது. பகலில் தயிர்ப்பானை முன்னால் உட்கார்ந்தபடியே தலை தொங்கிற்று. பொழுது சாய்ந்தபின் கோயில் திடலிலிருந்து கும்மிப் பழக்கம் கேட்கும். ரங்காத்தாள் குரலில் எண்ணெய் காணாத கதவு திறப்பதையும், வட்டம் தடுமாறுவதையும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். எங்கே தூக்கம் வரும்? வந்த சமயத்தில் பாகவதர் வந்துவிடுவார்.

"சாமி, பொழுது கெளம்புனதுக்கப்புறம் பாடுனா ஆகாதுங்களா? தூக்கங் கெட்டாத்தான் எனக்கு..."

"வெயில்ல பூபாளமா? பாடினா பூபாளத்துக்கே வலிப்பு வந்துடும் கொழந்தே!"

அத்தையிடம் சொன்னாள். அத்தை அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் பாகவதரிடம் சொன்னார். பாகவதர், தூக்கம் குறைவது நாடி இளகுவதற்கு அடையாளம், சிகிச்சை ஏறுகிறது என்று ஆறுச்சாமிக்குத் தைரியம் சொன்னார். ஆறுச்சாமியின் கழுத்து ஆடியது.

நோம்பிக்கு நாள் சாட்டியாயிற்று. கம்பம் நட்டாயிற்று. அது வரைக்கும் வலிப்பு வரவில்லை. எப்போதாவது வருகிற ஒன்று இப்போதும் வராமலிருந்ததைப் பாகவதர் தம் வெற்றி என்று ஏற்கெனவே ஊருக்குள் சொல்லியாகிவிட்டது. மேடைக்கு மூங்கில் வெட்டக்கூட ஆள் போயிற்று. கும்மிக்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை.

அந்த விடியற்காலையில் பாகவதர் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தார். கீழே நிற்கவே இல்லை, நேராக மேலே ஏறினார். பொடக்காளியில் கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தாயிடம் ஓடிய சத்தம் கேட்டது. "பாலெல்லாம் போச்சு!" என்று மருதாத்தாள் எழுந்து ஓடினாள். இடுப்புச் சாவி ஓடுகிற அவசரத்தில் நழுவிப் பாயில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

கமலாத்தாள் கவனித்தாள். எடுத்து வைக்கலாம் என்று கை நீட்டினாள். அப்போது பாகவதரின் மேல் ஷட்ஜத்துக்கு அடியில், மெள்ள, வெகு இனிமையாக, கவலை உருளை 'கிரீச்... கீ...' என்றது.

"சாமி," என்றாள். பாகவதருக்குக் கண் மூடியிருந்தது.

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. நாக்கு எரிந்தது. தலை பாறையாகக் கனத்தது. எப்போதும்போல உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். பல் பதியவில்லை. கை வெறுமையாக இருந்தது.

சுற்றிலும் ஆட்கள். அய்யன் ஆறுச்சாமி தலைமாட்டில் நின்றார். அத்தை அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்புரா ஒரு மூலையில் மல்லாந்து கிடந்தது. தூணில் சாய்ந்து பாகவதர் உட்கார்ந்திருந்தார். அங்கவஸ்திரத்தை வலது கை தெரியாமல் சுற்றிப் போர்த்தியிருந்தார். பங்குனி மாதத்தில் யாரும் அப்படிப் போர்த்துவதில்லை.

"வந்தது," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "வந்தது வாஸ்தவம். ஆனா நான் விடலை. ஸ்வரத்தால கட்டிப் போட்டேன். இல்லேன்னா மத்தியானம் வரைக்கும் போயிருக்கும்."

"நான் ஓடியாறப்ப நீங்க பாடலீங்களே சாமி," என்றாள் மருதாத்தாள். "அம்மிணி அக்கட்டால கெடந்தா. நீங்க இக்கட்டால தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க."

"மனசுக்குள்ளே பாடிண்டிருந்தேன். அது இன்னும் வீரியமாக்கும்."

வாசலில் கோயில் நோம்பிக்கு நெல் வாங்க வந்த காளிச்சாமி சாக்கும் கையுமாக நின்றான். "அக்கா, அம்மிணி கண்ணு முழிச்சிருச்சல்லொ. சித்தெ பத்தாயத்தத் தொறந்து உட்டீங்கன்னா நெல்ல அளந்துக்கிட்டுப் போயிருவேன். அங்க ஒரல்காரிகெல்லாங் காத்துக்கெடக்கறாளுக."

மருதாத்தாள் இடுப்பைத் தடவினாள். சாவி இல்லை. பாயை உதறினாள். இல்லை. கட்டுத்தறிக்குப் போய்க் கன்றுக்குட்டியின் காலடியில் பார்த்தாள். ஆறுச்சாமியும் குனிந்தார். பண்ணாடி குனிந்ததைப் பார்த்துக் காளிச்சாமியும் சாக்கைப் போட்டுவிட்டுக் குனிந்தான்.

"சாமி, நீங்க பாத்தீங்களா?" என்றார் ஆறுச்சாமி.

"சாவியோ? எந்தச் சாவி?" என்றார் பாகவதர்.

"எருமை போன வழியிலயே சாவியும் போயிருச்சாட்ட இருக்குது," என்றான் காளிச்சாமி. "சவுக்கையில வேணாக் கேட்டுப் பாக்கலாங்க."

கமலாத்தாள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் நின்றுகொண்டு தேடினார்கள். தரையோடு தரையாகக் கிடந்தவள் அவள் ஒருத்திதான். பாகவதரின் அங்கவஸ்திரத்துக்குக் கீழே, ஜரிகைக்குப் பக்கத்தில், விரல் நீளத்துக்குச் சிவப்புக் கயிறு தொங்கியது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது: வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு உட்கார அவராலும் முடியவில்லை. புரிந்ததும் தலைக் கனத்தோடு கனமாக ஒரு சிரிப்பு வந்தது. நாக்கு வலித்ததால் நிறுத்திக்கொண்டாள்.

சாமி பயந்துபோய்விட்டது என்று அத்தை பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள். பாகவதர் இடது கையை நீட்டினார். அத்தை திகைத்தாள். பாலைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று டம்ளர் நடுவழியில் நின்றது. "இடது நாடியில உஷ்ணம் ஏறணும். சிகிச்சை பண்ணினவாளுக்கு அப்படித்தான்," என்று வாங்கிக் குடித்தார் அவர்.

ஆறுச்சாமி தேடுவதை நிறுத்தி நிமிர்ந்தார். முகம் கறுத்திருந்தது. "இத்தன நாளு பாடியும் வந்துருச்சு. இனி ரோசனை எதுக்கு? கும்மியும் வேண்டாம், திடலுப் பக்கம் போகவும் வேண்டாம். ரங்காத்தாளே எடுத்துக் குடுக்கட்டும். காளிச்சாமி, மேடைக்கு வெட்டுன மூங்கில..."

மூங்கில் என்றதும் பாகவதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கமலாத்தாளும் எழுந்தாள்.  அத்தை பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, தூண் வரை போய், பாகவதரின் முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

"சாமி, வந்தத நீங்கதான் கட்டிப் போட்டீங்கன்னு சொல்றீங்க. நான் நம்பறனுங்க. எங்கய்யனும் நம்போணும். கும்மி அடிச்சா எனக்கு ஆகுமா ஆகாதான்னு ஒரு வார்த்த சொல்லி, என்ற தலையில கைய வெச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க."

பாகவதர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சிவப்புக் கயிற்றைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். அவசரமாகத் துணியை இழுத்துவிட்டார். கயிறு இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது.

"வலது கைங்க சாமி," என்றாள் கமலாத்தாள் பவ்வியமாக.

 காளிச்சாமிகூடக் குனிந்த முதுகை நிமிர்த்தாமல் பார்த்தான்.

"கும்மி..." என்று பாகவதர் தொண்டையைச் செருமினார். "கும்மின்னா என்ன? யோசிச்சுப் பார்த்தா அதுவும் நாதம்தானே? ரெண்டு கையும் சேர்றது, அதுல ஒரு லயம் பிறக்கறது. லயம் நாடிக்கு நல்லதாக்கும். பண்ணாடி, இப்போ வந்த வலிப்பு இருக்கே, அது கடைசியா இருந்த அபஸ்வரம் வெளியே போன அடையாளம். இனிமே கும்மி அடிக்கலாம். அடிச்சே ஆகணும். அதுதான் மேற்கொண்டு மருந்து."

"வெடியால எந்திரிக்கறதுங்க?" என்றாள் கமலாத்தாள்.

"வேண்டாம். நன்னாத் தூங்கணும். தூக்கம் ரொம்ப முக்கியம். நான் அப்பவே சொல்லணும்னு இருந்தேன்."

ஆறுச்சாமிக்குக் குழப்பம்தான். ஆனால் அங்கவஸ்திரம் சொல்லிவிட்டது. கழுத்து ஆடிற்று. "செரிங்க. அப்ப ஆசீர்வாதம்?"

"வாக்கால பண்ணிட்டேன் பண்ணாடி. கையால பண்றது அடுத்த படிதான்."

பத்தாயத்தைப் பிறகு திறந்துகொள்ளலாம் என்று ஆறுச்சாமி காளிச்சாமியையும் அழைத்துக்கொண்டு மூங்கிலைப் பார்க்கப் போனார். வெட்டிய மூங்கில் வீணாகாததில் அவருக்கும் ஒரு நிம்மதி.

நோம்பியன்று கமலாத்தாள் பொழுது உச்சிக்கு வரும்வரை தூங்கினாள். மாலையில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கினாள். ரங்காத்தாள் ஒதுங்கி இடம் விட்டாள். அவளுக்கும் தொண்டை நொந்திருந்தது. கமலாத்தாள் முதல் அடியை எடுத்துக் கொடுத்ததும் எட்டூர்ப் பெண்களும் வாங்கிக்கொண்டார்கள். கைகள் ஒன்றாகச் சேர்ந்து 'சளீர்' என்றபோது அவள் காதுக்குள் வேறு எந்தச் சத்தத்துக்கும் இடமில்லை. பாடிக்கொண்டே ஓரடி சொந்தமாகக் கட்டினாள்: எல்லை தாண்டப் பார்த்த எருமையைப் பற்றி. அம்மனுக்கு வித்தியாசம் தெரிந்ததோ என்னவோ, காளிச்சாமிக்குத் தெரிந்தது. திடலில் உருண்டு சிரித்தான்.

அன்றைக்கு அவள் விழவில்லை. அப்புறமும் எப்போதாவது விழுந்தாள், எழுந்தாள், மோர் கடையப் போனாள். பாட்டை மட்டும் யாரும் அவளிடமிருந்து மறுபடி எடுக்கவில்லை.

பாகவதர் மூங்கில் மேடையில் ஏறி, நாத சிகிச்சையின் மகிமையை வெகு நேரம் எடுத்துரைத்தார். மலை உருகும், மேகம் இறங்கும், மதயானை மண்டியிடும், காக்காய் வலிப்பு கைகட்டி நிற்கும் என்றார். இரும்பையும் சாவியையும் நம்புகிற அஞ்ஞானத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பேசும்போது வலது கையின் நடுவிரலில் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. சனங்கள் அதை ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வலிப்பு வந்த அன்று அவர் விரலிலிருந்து சாவி வளையத்தைக் கழற்ற மருதாத்தாளுக்கு அரை ஆழாக்கு விளக்கெண்ணெய் செலவாயிற்று.